காலி மாத்திரை அட்டைகள்

"இந்த மூடி எங்கக்கா போகும்?"

"எந்த மூடி?"

"சோயா பாட்டில் மூடி. பாட்டிலோட சேத்தே போட்டிருக்கீங்க."

"போட்டா என்ன? பாட்டிலும் மூடியும் ஒண்ணா குடும்பம் நடத்துதுங்க. நீ எதுக்கு நடுவுல பூந்து பிரிச்சு வெக்கற?"

சிரிக்கக்கூடாது என்றுதான் கினுயோ நினைத்தாள். முடியவில்லை. பக்கத்து வீட்டு மிசாவோ அக்காவின் அடுப்படித் தரையில் குந்தி உட்கார்ந்து, பைக்குள் கையைவிட்டுத் துழாவிக்கொண்டே சிரித்தாள். மீன் வந்த தட்டு கழுவாமல் கிடந்தது. பால் அட்டைப்பெட்டிக்குள் முட்டை ஓடு. மயோனைஸ் டப்பாவுக்குள், கடவுளே, ஒரு பல் துலக்கும் பிரஷ்.

"நல்லா சிரி. நீ டிரக் ஓட்டறேங்கறதுக்காக என் அடுப்படிக்கு மேலதிகாரி ஆயிட்ட. நான் லைசென்ஸைத் திருப்பிக் குடுத்த அன்னிக்கே எனக்குத் தெரியும், இந்த ஆட்சி வரும்னு."

"நீங்க கொடுத்ததுதான் நல்லது. அந்த வளைவுல இன்னும் உங்க பம்பர் தொங்குது."

"அது கிடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன், நாம செத்தா அந்தக் குப்பைக் கூடத்து நிஷிதானி நம்மள எந்தப் பெட்டியில போடுவான்? எலும்பு ஒரு பக்கம், கட்டின பல்லு ஒரு பக்கமா?"

"முதல்ல கழுவிட்டு வரச் சொல்லுவான்."

இந்த முறை மிசாவோவும் சிரித்தாள். எண்பத்தாறு வயதுச் சிரிப்பு, நடுவில் மூச்சு வாங்கியது. காலில் செருப்பு குதிகால் வரை ஏறாமல் பாதியில் நின்றிருந்தது. வீக்கம். கினுயோ அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் பைக்குள் குனிந்துகொண்டாள்.

இந்த ஊரில் குப்பை வண்டி வீட்டுக்கு வராது. எரிக்கிற உலையும் கிடையாது. அவரவர் குப்பையை அவரவரே கழுவி, காயவைத்து, லேபிளைக் கிழித்து, பையில் பெயரெழுதி, பள்ளத்தாக்கின் அடியிலிருக்கும் பிரிக்கும் கூடத்துக்குக் கொண்டுபோய் நாற்பத்துச் சொச்சம் பெட்டிகளில் அதனதன் இடத்தில் போட வேண்டும். எந்த வகையிலும் சேராதது மட்டும் 'எரிக்க வேண்டியது' என்கிற பெட்டிக்குப் போகும். அது வெளியூர் உலைக்கு. அந்தப் பெட்டி எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு ஊருக்குப் பெருமை. அந்தப் பெருமையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வெளிநாட்டுக்காரர்கள் வந்து போகிறார்கள். மரங்களுக்கு நடுவே இவர்கள் குடியிருக்கும் மலைச்சரிவில் மட்டும் வருகிறவர்கள் யாரும் இல்லை. சரிவில் இப்போது விளக்கு எரிவது இரண்டே வீடுகளில். ஒன்று மிசாவோவுடையது, இன்னொன்று கினுயோவுடையது.

பை தப்பாக வந்தால் சிவப்புத் தாள் ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். அதில் வெட்கம் மட்டுமில்லை, வேறொன்றும் இருந்தது. கீழ்ச்சரிவில் இருந்த இவாசே அம்மாவின் பை போன வருடம் அடுத்தடுத்து இரண்டு தடவை திரும்பியது. உடனே நலத்துறையிலிருந்து ஒரு பெண் வந்து, டீ குடித்து, இன்று என்ன கிழமை, இது என்ன பருவம் என்று பேச்சுவாக்கில் கேட்டுவிட்டுப் போனாள். வசந்தம் முடிவதற்குள் மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த வீட்டில் இப்போது குரங்கு குடியிருக்கிறது. ஒருத்திக்கு அறிவு தடுமாறுகிறது என்பது இந்த ஊரில் டாக்டருக்கும் பிள்ளைகளுக்கும் தெரிவதற்கு முன்னால் குப்பைப் பெட்டிக்குத் தெரிந்துவிடும்.

அதனால்தான் கினுயோ மிசாவோவின் பையை முதலில் தன் வீட்டுக்குக் கொண்டுபோவாள். மேசைமேல் கொட்டி, மொத்தத்தையும் மறுபடி பிரித்து, கழுவி, கொடியில் மாட்டிக் காயவைத்து, அக்காவின் பெயரெழுதிய புதுப்பையில் போட்டு ஞாயிற்றுக்கிழமை டிரக்கில் ஏற்றுவாள். அக்காவின் கையெழுத்தைக்கூட ஒரு மாதிரி பழகிவைத்திருந்தாள்.

'உதவிதானே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். 'உதவியா, பயமா?' என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும். மிசாவோவின் குரல்போலவே இருக்கும் அது. கினுயோவுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் போய் வெகுகாலம் ஆகிறது. அக்காவும் போய்விட்டால் சாயங்காலம் ஜன்னலைத் திறந்து பார்க்க மிச்சமிருப்பது காட்டுப்பன்றி மட்டும்தான்.

மாத்திரைகள் கிடைத்தது பனி உருகின சமயத்தில்.

மிசாவோ இரவில் சிறுநீர்க் கசிவுக்காகக் கட்டும் நாப்கினைச் செய்தித்தாளில் சுருட்டித்தான் போடுவாள். வெட்கம். ஆனால் செய்தித்தாள் தனிப் பெட்டி. ஆகவே கினுயோ முகத்தைத் திருப்பிக்கொண்டு பொட்டலத்தைப் பிரிப்பாள். அன்று தாளின் மடிப்புக்குள்ளிருந்து அட்டைகள் விழுந்தன. வெள்ளை மாத்திரை, இளஞ்சிவப்பு மாத்திரை. ஒன்றுகூடப் பிதுக்கப்படவில்லை.

கினுயோ உட்கார்ந்துவிட்டாள்.

'என்னக்கா இது?'

'தெரியல? மாத்திரை.'

'இதயத்துக்குக் கொடுத்ததில்ல இது? ஏன் போடல?'

மனசுக்குள் இருந்த மிசாவோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அட்டையை அப்படியே பையில் போட முடியாது. கூடத்தில் மாத்திரை அட்டைகளுக்கான பெட்டி வாசலுக்கு நேரே இருக்கிறது. மாத்திரையோடு ஓர் அட்டை அதில் விழுந்தால் நிஷிதானி பார்ப்பான். அடுத்த நாளே கோபே நகரத்திலிருக்கும் அக்காவின் மகன் கோசுகேவுக்கு ஃபோன் போகும். அதற்கடுத்த வாரம் இந்தச் சரிவில் ஒரே விளக்கு.

அவள் கை தானாக வேலையை ஆரம்பித்தது. ஒவ்வொன்றாகப் பிதுக்கினாள். டப், டப் என்று கிண்ணத்தில் விழுந்தன. மாத்திரைகளை ஒரு தாளில் கட்டி எரிக்க வேண்டியதில் சேர்த்தாள். அட்டைகளை அலசி, துணிக் கிளிப் போட்டுக் கொடியில் மாட்டினாள். வெயிலில் அவை சின்னச் சின்னதாக மினுங்கின. விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது.

மறுநாள் கேட்டும் பார்த்தாள்.

"அக்கா, மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

மிசாவோ முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. நிமிர்ந்து கினுயோவை நெடுநேரம் பார்த்தாள்.

"நீதான் என் பையைப் பாக்கறியே. நீயே சொல்லு."

"அட்டையெல்லாம்... காலியாத்தான் இருக்கு."

"அப்ப சரி," என்றாள் மிசாவோ. கத்தி மறுபடியும் ஓடியது. "காலியா இருந்தா போட்டேன்னு அர்த்தம்."

மறதிதான், வேறென்ன என்று கினுயோ முடிவு கட்டிக்கொண்டாள். மாத்திரை போட்டுவைக்கப் பைகள் தைத்த துணி ஒன்றை வாங்கி அக்காவின் சுவரில் மாட்டினாள். அடுத்த வாரம் பார்த்தால் அதில் கொண்டை ஊசிகள் இருந்தன. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அட்டைகள் வந்துகொண்டிருந்தன. அவளும் பிதுக்கிக்கொண்டிருந்தாள். எதுவும் பழகிவிட்டால் கைக்குக் கனம் தெரிவதில்லை.

மழை தொடங்குவதற்குச் சற்று முந்தைய ஒரு ஞாயிறு. கூடத்தில் வெளிநாட்டுக் கூட்டம் ஒன்று, கழுத்தில் கேமரா, கூடவே மொழிபெயர்க்கிற பெண். நிஷிதானி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். நாற்பதைத் தாண்டியவன், அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் இளையவன் அவன்தான்.

"இங்க பாதிப் பேருக்கு மேல வயசானவங்க. எங்ககிட்ட பெரிய மிஷின் எதுவும் இல்ல. இவங்க கைதான் மிஷின்," என்று சொல்லிக்கொண்டே கினுயோ இறக்கிவைத்த பையைத் திறந்தான். "ஆஹா! இதப் பாருங்க. மிசாவோ சானோட பை. எண்பத்தாறு வயசு! மாத்திரை அட்டையக்கூட அலசிக் காயவெச்சு அனுப்பியிருக்காங்க!"

ஓர் அட்டையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான். கேமராக்கள் சடசடவென்று அடித்துக்கொண்டன. கினுயோ டிரக்கின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டத்திலிருந்த ஒருவன் ஏதோ கேட்டான். அந்தப் பெண் மொழிபெயர்த்தாள்: "இவங்களுக்கு அப்புறம் இதை யார் செய்வாங்கன்னு கேக்கறார்."

நிஷிதானி சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் மொழிபெயர்க்கவில்லை.

கூட்டம் நகர்ந்ததும் அவன் கினுயோவின் பக்கம் வந்தான். "மிசாவோ சானை நேர்ல பாத்து ரொம்ப நாளாச்சு. நல்லா இருக்காங்கள்ல?"

"வாய் நல்லா இருக்கு."

"அப்பப் போதும். பை சுத்தமா வந்துட்டா ஆளுக்கு ஒண்ணுமில்லன்னு அர்த்தம். நலத்துறைல கேட்டாங்கன்னா நானும் அதையே சொல்லிடறேன். அந்தச் சரிவுக்கெல்லாம் ஏறி இறங்க அங்க ஆளேது?"

"சரிதான்," என்றாள் கினுயோ. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் மிசாவோவின் வீட்டுக் கதவு திறக்கவில்லை. கினுயோ பின்பக்கமாகப் போனாள். அக்கா அடுப்படித் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு நீருக்குள்ளிருந்து வருவதுபோல களகளவென்றது.

"அக்கா! என்னக்கா!"

"கத்தாத," என்றாள் மிசாவோ, விட்டு விட்டு. "அடுப்பை அணை. மிசோ சூப் கொதிச்சுடும்."

ஆம்புலன்ஸ் மலை ஏறிவர வெகுநேரம் பிடித்தது. அதுவரை கினுயோ அவளைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டே இருந்தாள். வீங்கின அந்தக் காலை விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது.

கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கோசுகே சாயங்காலம் வந்து சேர்ந்தான். அவனுக்கே அறுபது ஆகப்போகிறது. மழையில் நனைந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"கினுயோ அத்தை, நீங்க இல்லன்னா அம்மா இன்னிக்கு..." முடிக்காமல் அவளைப் பார்த்துத் தலை தாழ்த்தி வணங்கினான். அந்த வணக்கத்தை எங்கே வாங்கி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டர் இளம்பெண். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் தூக்கமில்லாத கண்கள். நடைவழியிலேயே நின்றுகொண்டு பேசினாள்.

"நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு. ஒண்ணு தெரியணும். வழக்கமான மாத்திரையெல்லாம் விடாம சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாங்க," என்றான் கோசுகே. "வழியில வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். ஒண்ணுகூட மிச்சமில்ல. கூடத்துல நிஷிதானியும் சொன்னான், காலி அட்டையெல்லாம் தவறாம வந்துடுமாம். அம்மா அப்படித்தான், எல்லாத்துலயும் ஒழுங்கு."

"அப்படின்னா அந்த மருந்து வேலை செய்யலன்னுதான் எடுத்துக்கணும். அளவை நல்லா ஏத்தறேன். கூட இன்னொண்ணும் சேக்கணும். வயசாச்சு, கொஞ்சம் கடுமையாத்தான் இருக்கும்."

டாக்டர் எழுதத் தொடங்கினாள். கினுயோ அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மருந்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மாதக்கணக்காக ஒன்றுமே பார்க்காத உடம்பில் ரெட்டிப்பு மருந்தைக் கொட்டினால் என்ன ஆகும் என்று நினைக்கத் தெரிந்தது. பேசினால் அக்கா போய்விடுவாள், கோபேக்கு. பேசாவிட்டால்?

"சாப்பிடல," என்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"அவங்க சாப்பிடல. குளிர் முடிஞ்சதிலேர்ந்து ஒண்ணுகூட. முழு அட்டையா குப்பையில வரும். நான்தான்... நான் பிதுக்கி, அட்டையை அலசிப் போட்டேன்."

டாக்டர் பேனாவை நிறுத்தினாள். திட்டவில்லை. "உறுதியாத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். கினுயோ தலையசைத்ததும் எழுதியதன்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு வேகமாக உள்ளே போனாள்.

நடைவழியில் இரண்டு பேரும் மட்டும் நின்றார்கள். ஜன்னலுக்கு வெளியே மழை.

"எதுக்கு அத்தை பிதுக்கினீங்க?" கோசுகேவின் குரலில் கோபம் இருந்திருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு. இல்லை.

"அட்டை வேற பெட்டி, மாத்திரை வேற பெட்டி."

"அதக் கேக்கல."

"தெரியும்." அவள் தன் ஈரச் செருப்பைப் பார்த்தாள். "நிஷிதானி பாத்தா உனக்குச் சொல்வான். உனக்குத் தெரிஞ்சா நீ கூட்டிட்டுப் போயிடுவ."

"ஆமா," என்றான் கோசுகே. "கூட்டிட்டுப் போயிருப்பேன்."

கொஞ்சம் கழித்து, "அதுல என்ன தப்பு?" என்றும் கேட்டான். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்போல.

மிசாவோ பிழைத்துக்கொண்டாள். பழைய அளவிலேயே மாத்திரையைக் கையில் வைத்துக் கொடுத்ததும் கால் வீக்கம் வடிந்தது, மூச்சும் சீராயிற்று. கினுயோ பார்க்கப்போன இரண்டு தடவையும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நர்ஸ் சொன்னாள். தூங்குகிறவளின் தோள் அப்படி இருக்காது என்று கினுயோவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கோபேக்கு, முதியோர் இல்லத்துக்கு. சரிவுக்கு அவள் திரும்பி வரவேயில்லை.

வீட்டைக் காலிசெய்யக் கோசுகே நகரத்திலிருந்து ஆட்களை அனுப்பினான். பெரிய லாரி அந்த வளைவில் திரும்பமுடியாமல் கீழேயே நின்றது. பாய், பானை, கிமோனோ, பாட்டில், பேட்டரி, புத்தர் மாடத்தின் பித்தளைத் தட்டு எல்லாம் ஒரே கறுப்புப் பைகளில் இறங்கிப்போயின. கினுயோ வேலியருகே நின்று பார்த்தாள். நிஷிதானியும் வந்திருந்தான்.

"பிரிக்க மாட்டாங்களா?"

"இவ்வளவையும் யார் உக்காந்து பிரிக்கறது, கினுயோ சான்? மொத்தமா வெளியூருக்குக் கொண்டுபோய் எரிச்சுடுவாங்க." தொண்டையைச் செருமிக்கொண்டான். "நம்ம ஊர்க் கணக்குல இது வராது. அந்த மட்டும் நல்லது."

"இந்த மாதிரி வீடு இன்னும் எத்தனை இருக்கு?"

"அதக் கேக்காதீங்க," என்றான். அவள்மீது கோபம் இருந்தாலும் அவன் காட்டிக்கொள்ளவில்லை. போகும்போது மட்டும், "இனிமே நலத்துறைல ஒருத்தர் மாசாமாசம் உங்களைப் பாக்க வருவாங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

இலையுதிர்காலம் முற்றியபிறகு ஒரு மத்தியானம் ஃபோன் அடித்தது.

"யாரு?"

"நான்தான். வேற யாரு உனக்கு ஃபோன் பண்ணுவா?"

"அக்கா!" என்றாள் கினுயோ. "எப்படி இருக்கீங்கக்கா? சாப்பாடெல்லாம் எப்படி?"

"உப்பில்ல. மத்தபடி குறையில்ல. இங்க குப்பையப் பிரிக்கறதெல்லாம் கிடையாது. பழத்தோல், பிளாஸ்டிக், நாப்கின் எல்லாம் ஒரே வாளி. உனக்குப் பைத்தியமே பிடிச்சிடும்."

கினுயோ சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. மறுமுனையில் சிரிப்பு வரவில்லை.

"கினு."

"சொல்லுங்கக்கா."

"நான் மறதியிலதான் மாத்திரை போடலன்னு நெனச்சியா?"

கினுயோ ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"மூடி எங்க போகும், முட்டை ஓடு எங்க போகும், அதெல்லாம் எனக்குக் குழம்பிப்போச்சு, ஒத்துக்கறேன். ஆனா மாத்திரை? அது இருக்கற இடம், போடற வேளை எல்லாம் எனக்கு நல்லாத் தெரியும். போதும்னுதான் நிறுத்தினேன். அந்த அடுப்படியிலேயே போயிடலாம்னு."

"அக்கா..."

"உன் கண்ணுல படற மாதிரிதான் பேப்பர்ல மடிச்சு வெச்சேன். வேற எவ அந்தப் பொட்டலத்தைப் பிரிப்பா? நீ பாத்த. வந்து கேட்ட. நான் உன்னப் பாத்தேன். நீ 'காலியாத்தான் இருக்கு'ன்ன. அப்பாடா, இவளுக்குப் புரிஞ்சுடுச்சு, இவ கூட இருப்பா, யார்கிட்டயும் சொல்லமாட்டான்னு நிம்மதியா இருந்தேன். இருந்தேனா இல்லையா?"

புரியவில்லை அக்கா, எனக்கு எதுவுமே புரியவில்லை, நீங்கள் போய்விடக்கூடாது என்று மட்டும்தான் புரிந்தது என்று கினுயோ சொல்லியிருக்கலாம். ஃபோன் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இப்ப ஒரு பொண்ணு தினம் மூணு வேளை வர்றா," என்றது மிசாவோவின் குரல், அலுப்போ கோபமோ இல்லாமல், வானிலை சொல்வதுபோல. "மாத்திரைய வாயில போட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லி, டார்ச் அடிச்சுப் பாக்கறா. ரத்தமெல்லாம் பிரமாதமா இருக்காம். இப்படியே போனா நூறு வயசு தாண்டிடுவேனாம். டாக்டர் சொல்றாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "சந்தோஷமா உனக்கு?"

மலைச்சரிவில் மழை பெய்துகொண்டிருந்தது. கினுயோ ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். மறுமுனையில் ஒரு பெண்குரல், மருந்து வேளை பாட்டி, வாயைத் திறங்க என்று கூப்பிட்டது. பிறகு யாரோ ஃபோனை வாங்கி வைத்துவிட்டார்கள்.

"சந்தோஷம்தான்க்கா," என்றாள் கினுயோ, கேட்க யாருமில்லாமல் போனபிறகு.